உலைக்களம் அறிந்த தமிழைக் கல்லூரி அறியாதோ?

“தமிழில் அறிவியலைச் சொல்ல வாராது” என்று நாக்கூசாமற் பேசும் தமிழர் இன்னும் நம்மிடையே உளர். அன்னார்க்கு மறுமொழியாகப் பழம்பெருமைகளை அடுக்குவதை விடுத்து, இம்முறை அவர்களைக் கொல்லனின் உலைக்களத்துக்கே அழைக்கின்றோம்.

நீலமலையின் வடக்கடிவாரத்து மசினகுடியில், கொல்லர் குடிப் பிறந்த இளைஞன் ஒருவன், பொறியியல் பயில்பவன், விடுமுறையில் எம்மைக் காண வந்தான். மாழையியல் தேர்வில் தோற்றிருந்தான். “வரிவரியாக நெட்டுருப் போட்டேன், ஐயா, ஒன்றும் விளங்கவில்லை” என்றான். அவன் காட்டிய பகுதி, சூட்டில் அடிபடும் கலப்பு மாழையுள் மணியமைப்பு மாறும் வகையைப் பற்றியது. அவன் பாட்டன் வாழ்நாளெல்லாம் கையாற் செய்த தொழில் அது! பேரனோ அதனை ஆங்கிலத்தில் விழுங்கிச் செரிக்கமாட்டாது தோற்றான்.

யாம் அவனுக்குத் தமிழிற் சொன்னவை இவை:

உருக்குப் பாளம் கண்ணுக்கு ஒரே கட்டியாகத் தோன்றினும், உள்ளே எண்ணற்ற நுண்மணிகள் நெருங்கிப் பொருந்தியதோர் அடுக்கே ஆகும். சம்மட்டி விழுந்தால் மணிகள் நசுங்கி நீளும். அவற்றுள் அணுவரிசைகள் பிறழும். குளிர்ந்த நிலையில் அடித்துக்கொண்டே போனால், இப்பிறழ்ச்சிகள் பெருகி மாழை விறைத்து, முடிவில் வெடிக்கும். செஞ்சூட்டில் அடித்தாலோ, பிறழ்ச்சி மிகுந்த இடங்களில், சிறப்பாக மணிகளின் எல்லைகளில், பழுதற்ற புதுமணிகள் முளைத்துப் பழையவற்றின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். அடிபடும்போதே நிகழும் இதனை ‘உடன்மீள்மணியாக்கம்’ என்போம். சூடு மிகுந்தாலும், அடி நின்றபின் நெடிது உலையிற் கிடந்தாலும், பெருமணி சிறுமணியை விழுங்கிப் பருக்கும். பருமணி உருக்கு எளிதில் முறியும். தணிந்த சூட்டில் விரைந்து அடித்தால் மணி நுண்ணிதாகும். மணி நுண்ணிதாக உறுதி மிகும். இவ்வுறவை 1951இல் ஆல் என்பாரும் 1953இல் பெட்சு என்பாரும் கணக்காக வகுத்தனர். கொல்லனோ, காய்ந்த இரும்பின் நிறம் பார்த்தே அடியை அளந்தான்.

கேட்ட இளைஞன் வியந்தான். “இவ்வளவுதானா, ஐயா? ‘வெளுக்கக் காய்ச்சினால் இரும்பு செத்துவிடும்’ என்று எங்கள் பாட்டன் சொல்வாரே!” என்றான்.

அப்பாட்டன் சொல்லுக்கு வரலாறே சான்று. தென்னாட்டு உருக்கை ஐரோப்பியக் கொல்லர் தம் நாட்டு இரும்பைப் போலவே வெண்சூட்டில் அடித்தபோது, அது பொடிந்து சிதறியது. நூற்றுக்கு ஒன்றுமுதல் இரண்டு பங்குவரை கரி கலந்த அவ்வுருக்கின் மணியெல்லைகள் அச்சூட்டில் இளகிவிடும். குறை உருக்கினதன்று, அடித்தவர் கையினது. அவ்வுருக்கை ‘ஊட்சு’ என்னும் பெயரால் 1795இல் பியர்சன் இலண்டன் அரசக் கழகத்துக்கு ஆய்ந்துரைத்தார். 1819இல் பாரடே ஆராய்ந்தார். அப்பெயர் கன்னட ‘உக்கு’ என்பதன் திரிபென்பர் அறிஞர் பலர். ‘உக்கு’ம் நம் ‘உருக்கு’ம் ஒருவேர்ச் சொற்களே. நொய்யற்கரைக் கொடுமணலில் பழைய இரும்புலைகள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. இந்நீலமலையிலேயே, தமிழின் உடன்பிறப்பாகிய மொழி பேசும் கோத்தர், தொதவர்க்கும் படுகர்க்கும் கருவி வடித்துத் தந்தனர்.

இத்துணை வழிவழியறிவு உடைய மண்ணில், தமிழில் அறிவியல் பொடிந்துபோகும் என்பவர், வெண்சூட்டில் உருக்கை அடித்துவிட்டு உருக்கைப் பழித்த கொல்லரை ஒப்பர்.

2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. தொடங்கியதைப் போற்றுகின்றோம். ஆயின், வகுப்பின் பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதிவிட்டால் போதுமா? நூல் எங்கே? கற்பிப்போர்க்குப் பயிற்சி எங்கே? பட்டம் பெற்றவனுக்கு வேலை தருவோர் எங்கே? இவையின்றித் தொடங்கிவிட்டு, “மாணவர் சேரவில்லை” என்று கைவிரிப்பது, உலைக்குக் கரியிடாமல் துருத்தியைப் பழிப்பதாகும்.

ஆங்கிலம் வேண்டாவோ எனின், மொழியாக அதனைக் கற்க, யாம் தடுத்திலம். சப்பானியரும் கொரியரும் தம்மொழியிலேயே பொறியியல் கற்று உருக்காலைகளை நடத்துகின்றனர். அவர்க்கு இயன்றது நமக்கு மட்டும் இயலாதோ?

தமிழாசிரியர்களே, பொறிஞர்களே! கொல்லர், தச்சர், கன்னார் வாயில் வழங்கும் தொழிற்சொற்களை, அவற்றை ஆளும் முதியோர் மறையுமுன் ஊர்தோறும் சென்று தொகுமின். அவற்றைக் கொண்டு பாடநூல் யாமின். மசினகுடி இளைஞன் மீண்டும் தேர்வெழுதப் போகின்றான். அவன் கையில் ஒரு தமிழ் நூலையேனும் கொடுக்கும் கடன் நம்முடையது.