குட்டியானை மேல் யானைச் சுமையா?

மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் எச்சரித்தார். மயிலிறகுக்கே அந்தக் கதி. நாம் ஏற்றுவதோ அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும்!

2005இல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் சிறு மளிகைக் கடைக்காரரும் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்துக்கொள்ள முடிந்தது. மக்கள் அதற்குக் ‘குட்டியானை’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2011இல் ஒன்றேகால் டன் ஏற்றும் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. நம் தொழிலுக்கு இவை செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பெயரில் யானை இருக்கிறது என்பதற்காக யானைச் சுமையை ஏற்றுவது எந்த விதத்தில் நியாயம்?

ஒரு சாதாரண நடையைக் கணக்குப் பார்ப்போம். 50 கிலோ சர்க்கரை மூட்டை 8 என்றால் 400 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் 12 என்றால் 300 கிலோ. 15 கிலோ எண்ணெய் டின் 10 என்றால், தகரத்தின் எடையை விட்டாலும் 150 கிலோ. ஆக 850 கிலோ. ஓட்டுநரும் சுமைதூக்கும் தொழிலாளியும் ஏறினால் இன்னும் 130 கிலோ. மொத்தம் 980 கிலோ. முக்கால் டன் வண்டியில் இது 230 கிலோ அதிகம். பார்வைக்கு வண்டி நிறைந்தது போலக்கூடத் தெரியாது. “இன்னும் பத்து மூட்டை போடு” என்ற குரல் எழுவது இந்த இடத்தில்தான்.

வண்டியின் பின்புறம் தாழ்கிறது என்றால் நம்மவர்கள் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. பட்டறைக்குப் போய் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டுவிடுவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும். பலம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் டயர் பழைய டயர்தான், பிரேக் பழைய பிரேக்தான், அச்சும் சேஸிஸும் பழையவைதான். வண்டி தாழ்வது, “போதும்” என்று அது நமக்குச் சொல்லும் செய்தி. பட்டை சேர்த்ததால் சுமை குறையவில்லை. அந்தச் செய்தி மட்டும் நின்றுபோகிறது. பிறகு பாரம் டயரைச் சூடாக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. மூட்டைகளைப் பின்கதவு ஓரமாகக் குவித்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. பாரம் குறைவான நாளிலோ விறைத்த ஸ்பிரிங் குழிக்குக் குழி தூக்கிப் போட்டு முட்டையையும் பிஸ்கட்டையும் நொறுக்கும். அந்த நஷ்டமும் நம் கணக்கில்தான் சேரும்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். மிகைச் சுமையை இறக்கும் கூலி தனி. இறக்கும் வரை வண்டி நகர முடியாது. ஓட்டியவரோடு, அப்படி ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் அந்தப் பிரிவில் அடங்குவார்கள். வாடகை வண்டிதானே என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. நமக்காக வண்டி ஓட்டுபவரின் உயிரும், எதிரே வருபவரின் உயிரும் பத்து மூட்டையை விட மலிவானவையா?

வணிகர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் கடைவீதிக்குள் காலையிலும் மாலையிலும் சரக்கு வண்டிகளுக்குத் தடை. கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டிய நெருக்கடி. சரக்கு இறக்கும் நேரத்தைக் கூட்டித் தரும்படி ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் காவல்துறையிடமும் நகராட்சியிடமும் மனுக் கொடுக்க வேண்டும். நாம் சுமையைக் குறைக்க முன்வந்தால்தான் அந்தக் கோரிக்கைக்கு மதிப்பு இருக்கும்.

செய்யக்கூடியவை எளியவையே. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். ஓட்டுநர், உடன் வருபவர் எடையையும் கழியுங்கள். மீதிதான் சரக்குக்கு. பிற்பாடு கூண்டோ இரும்புச் சட்டமோ கட்டியிருந்தால் வெற்று எடையும் கூடியிருக்கும். எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது. கனமான மூட்டைகளைப் பின் அச்சுக்கு முன்னால் வரும்படி அடுக்குங்கள். புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் மாதத் தவணையைப் பார்க்கும் முன்பு, தங்கள் கடையின் மிகப் பெரிய நடை எத்தனை கிலோ என்று எழுதிப் பாருங்கள். அந்த எடைக்கு ஏற்ற வண்டி கட்டுப்படியாகவில்லை என்றால், இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து பெரிய வண்டியாக வாடகைக்குப் பிடிக்கலாம். அல்லது இரண்டு நடை அடிக்கலாம். இரண்டாவது நடைக்கு ஆகும் டீசல், ஓர் அபராதத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போடத் தெரியாதவர்களா நாம்?

கடைத் தராசுக்கு முத்திரை வாங்கி, கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுக்கிறவர்கள் நாம். அந்த நாணயத்தை வண்டி ஏற்றும் இடத்திலும் காட்டுவோம்.