புகைப்பட அளவும் நம் பிள்ளைகளின் உத்தியோகமும்

உத்தியோகம் தேடும் இளைஞனுக்குக் கல்வியும் உழைப்பும் இருந்தால் போதும் என்று நாம் எண்ணியிருந்தோம். இக்காலத்தில் மூன்றாவதாக ஒன்றும் வேண்டியிருக்கிறது. அவனுடைய முகம் 50 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அவனுடைய கையொப்பம் 20 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிடில் அவன் கற்ற கல்வி தேர்வுக் கூடத்தின் வாயிலைக்கூட எட்டுவதில்லை. இது அற்ப விஷயம் என்று சிலர் நகைக்கலாம். அற்ப விஷயம் அன்று என்பதை எடுத்துக்காட்டவே இதனை எழுதுகிறோம்.

திருவொற்றியூரில் வசிக்கும் நெசவாள அங்கத்தினர் ஒருவரின் மகள் சென்ற ஆண்டில் தேர்வு ஒன்றிற்கு விண்ணப்பிக்க முற்பட்டார். ஆறு மாதம் இரவும் பகலும் படித்த பெண். கடைசி நாள் மாலையில் தந்தையும் மகளும் ஒரு கணினிக் கடைக்குச் சென்றார்கள். அங்கே அவர்களுக்கு முன்பே பலர் காத்திருந்தனர். முறை வந்தபோது இரவு பத்து மணி. படம் பெரிதாயிருக்கிறது என்று இணையதளம் மறுத்தது. கடைக்காரர் சுருக்கினார், 20 கிலோபைட்டுக்கும் குறைந்துவிட்டது என்று மறுபடியும் மறுத்தது. சுருக்கிய படத்தையே இழுத்துப் பெரிதாக்கினார். முகம் அகன்று, கண்ணும் மூக்கும் கலைந்து போயின. இவ்வாறு முயன்றுகொண்டிருக்கையில் நள்ளிரவு மணி அடித்தது, இணையதளம் மூடிக்கொண்டது. கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. அவரும் தமக்குத் தெரிந்ததைத்தான் செய்தார். ஆனால் ஆறு மாதப் படிப்பு அன்றிரவு வீணாயிற்று.

நம்முடைய வட்டாரத்திற்கு இது மிகவும் முக்கியமான விஷயம். 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராயிருந்த ஜோசப் காலட் என்பவரின் பெயரால் திருவொற்றியூரில் நெசவாளருக்கென ஏற்பட்ட குடியிருப்பே காலாடிப்பேட்டை. இராயபுரத்திலிருந்து 1856-ம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. துறைமுகமும், ரயிலும், ஆலைகளும் வந்தபின் தறியைவிட்டு நம்மவர் பலர் அவற்றில் வேலைக்குச் சென்றனர். அக்காலத்தில் வேலை கிடைப்பதற்குத் தெரிந்தவர் ஒருவர் அழைத்துச் சென்று ஆலை வாயிலில் நிறுத்துவதே பெரிய காரியமாயிருந்தது. பின்னியின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-ம் ஆண்டில் மூடப்பட்டது. எண்ணூர் முதல் இராயபுரம் வரையுள்ள நம் பிள்ளைகளும், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாய அங்கத்தினரின் பிள்ளைகளும் இன்று நம்பியிருப்பது பெரும்பாலும் போட்டித் தேர்வுகளையே. கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர், நியாயவிலைக் கடை விற்பனையாளர் முதலிய பதவிகளுக்குக்கூட மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் இணையவழி விண்ணப்பங்களையே பெறுகின்றன. ஆலை வாயில் இருந்த இடத்தில் இன்று இணையதளத்தின் வாயில் இருக்கிறது.

இத்தகைய அளவுகளை ஏன் விதித்தார்கள் என்பதை முதலில் நியாயமாக ஆராய்வோம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022-ம் ஆண்டில் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். கைபேசியில் எடுக்கும் ஒரு படம் 4 மெகாபைட், அதாவது சுமார் 4,000 கிலோபைட் இருக்கக்கூடும். 22 இலட்சம் படங்களை அப்படியே வாங்கினால் 8,800 கிகாபைட் ஆகும். ஒவ்வொன்றும் 50 கிலோபைட்டுக்குள் இருந்தால் 110 கிகாபைட்டுக்குமேல் போகாது. எண்பதில் ஒரு பங்கு! கடைசி நாளில் இலட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் அனுப்பும்போது இவ்வித்தியாசம் பெரிது. ஆகவே மேல்வரம்பு விதித்ததில் தவறில்லை. கீழ்வரம்புக்கும் காரணம் உண்டு. மிகவும் சுருக்கிய படத்தில் முகம் தெளிவாயிராது. தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளர் அனுமதிச் சீட்டிலுள்ள படத்தையும் எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே ஆள்மாறாட்டத்தைத் தடுக்கிறார். ஆகவே இப்படம் வெறும் சம்பிரதாயமன்று; விண்ணப்பதாரருக்கு அதுவே சாட்சி.

இனி, அளவு என்பது இரண்டு வகைப்படும் என்பதை அங்கத்தினர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு துணிக்கு நீள அகலம் ஓர் அளவு, எடை மற்றோர் அளவு. படத்திற்கும் அவ்வாறே. பிக்சல் என்னும் புள்ளிகளின் எண்ணிக்கை அதன் நீள அகலம். கிலோபைட் என்பது அதன் எடை. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் படத்திற்கு 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கிலோபைட் என்றும், கையொப்பத்திற்கு 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கிலோபைட் என்றும் குறித்துள்ளது. இடது பெருவிரல் ரேகைக்கு 240-க்கு 240 பிக்சலும், கைப்பட எழுதும் உறுதிமொழிக்கு 800-க்கு 400 பிக்சலும் கேட்கிறது. ஒரே விண்ணப்பத்திற்கு நான்கு விதமான அளவுகள்! வேறு தேர்வுக்கு வேறு அளவுகள். விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. ஆதலால் ஒவ்வொரு முறையும் அறிவிக்கையை வாசித்தே செய்தல் வேண்டும்.

இதில் பலர் அறியாத ஒரு சங்கடம் இருக்கிறது. புகைப்படக் கடைகளில் எடுக்கும் கடவுச்சீட்டுப் படம் 3.5 சென்டிமீட்டர் அகலமும் 4.5 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அதை 200 பிக்சல் அகலத்திற்குக் கொண்டுவந்தால் உயரம் 257 பிக்சல் வருமேயன்றி 230 வராது. 257-ஐ 230-க்குள் பலவந்தமாக அமுக்கினால் முகம் குட்டையாகி அகன்றுவிடும். அமுக்கலாகாது, வெட்ட வேண்டும். மிகுதியான 27 வரிசைகளை மார்புப் பக்கத்திலோ தலைக்குமேல் உள்ள வெற்றிடத்திலோ வெட்டி நீக்கினால் முகம் இயல்பாக இருக்கும். துணி நீண்டுவிட்டால் கத்தரிப்போமேயன்றிச் சுருட்டித் திணிக்கமாட்டோம் அல்லவா?

எடையைக் குறைப்பதற்கும் முறை உண்டு. ஜேபெக் என்னும் படமுறை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கைவிட்டுப் படத்தைச் சுருக்குகிறது. கைவிட்டவை மீண்டும் வாரா. சுருக்கிய படத்தையே மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் தெளிவு குறையும்; பிறகு பெரிதாக்கினாலும் இழந்த தெளிவு திரும்பாது. முன்பு கூறிய பெண்ணின் படத்திற்கு நேர்ந்தது இதுவே. ஆகையால் மூலப்படத்தைத் தொடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் ஒவ்வொரு அளவையும் மூலத்திலிருந்தே புதிதாகச் செய்ய வேண்டும். முதலில் வெட்டுதல், அடுத்து பிக்சல் அளவைக் குறித்தல், கடைசியில் கிலோபைட்டைச் சரிசெய்தல் என்பதே வரிசை. வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படம் போகும் வழியிலேயே சுருங்கிவிடுவதால், அதனை மூலமாகக் கொள்ளலாகாது.

கையொப்பத்தை வெள்ளைத் தாளில் கருப்பு மையினால் இட்டு, கையொப்பம் உள்ள இடத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். தாள் முழுவதையும் படமெடுத்து 140 பிக்சலுக்குள் சுருக்கினால் கையொப்பம் நூலிழைபோல் மெலிந்து மறைந்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் இட்ட கையொப்பத்தை வங்கித் தேர்வில் ஏற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

இவையெல்லாம் கைபேசி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளக் கூடியவைதாமே, இதற்குச் சங்கம் எதற்கு என்று ஓர் அங்கத்தினர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. எமது விடை இது. பாவு விரித்துக் கஞ்சியிடும் வேலையை ஒரு நெசவாளர் தனியே செய்வதில்லை. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டினால் அண்டை வீட்டார் நாலு பேர் வந்து கை கொடுக்கிறார்கள். வேலை கடினமானது என்பதனால் மட்டுமன்று. ஒருவர் தவறினால் பாவு முழுவதும் கெடும் என்பதனாலும் அது பொதுவேலையாயிற்று. விண்ணப்பமும் அத்தகையதே. கற்றவனுக்கு ஐந்து நிமிட வேலை. அறியாதவனுக்கு ஓர் ஆண்டு நஷ்டம்.

மற்றொரு காரணமும் உண்டு. சில இடங்களில் விண்ணப்பதாரரின் பெயரில் கணக்குத் தொடங்கும்போது, கடைக்காரர் தம் மின்னஞ்சலையும் தம் கைபேசி எண்ணையும் பதிந்துவிடுகிறார். பின்னர் வரும் கடவுச்சொல்லும், தேர்வு பற்றிய அறிவிப்பும் அவருக்கே போகின்றன. தன் விண்ணப்பத்தைத் தானே திறந்து பார்க்கவும் அவரிடம் பணம் கொடுக்க வேண்டிய நிலை பிள்ளைக்கு ஏற்படுகிறது. ஆதாரும், படமும், கையொப்பமும் யாரோ ஒருவருடைய கணினியில் தங்கிவிடுகின்றன. நூலையும் முன்பணத்தையும் கொடுத்து நெசவாளரைத் தன் பிடியில் வைத்திருந்த இடைத்தரகரிடமிருந்து விடுபடுவதற்கல்லவோ நம் முன்னோர் சங்கம் கண்டனர்? 1904-ம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியதும், 1935-ம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அந்நோக்கத்தினாலேயே. நூலில் விரட்டிய தரகரை நம் பிள்ளைகளின் முகத்திலும் கையொப்பத்திலும் குடியேற விடலாமா?

ஆகவே நாம் சொல்லும் யோசனை எளியது. ஒவ்வொரு சங்கமும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென ஒதுக்கட்டும். சன்னல் வெளிச்சமுள்ள ஓர் அறை, பின்னால் கட்ட நம் தறியில் நெய்த வெள்ளை வேட்டி ஒன்று, ஒரு நல்ல கைபேசி, ஒரு கணினி, இவ்வேலை தெரிந்த இளைஞர் இருவர் போதும். வருகின்ற பிள்ளைக்குப் படமெடுத்து, மூலத்தையும் தேவையான அளவுகளையும் அப்பிள்ளையின் சொந்தக் கைபேசியிலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும். சங்கத்தின் கணினியில் நகல் வைத்துக்கொள்ளலாகாது. மின்னஞ்சலும் எண்ணும் விண்ணப்பதாரருடையதாகவே இருக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் பொதுச் சேவை மையங்கள் ஏற்கெனவே நடைபெறுகின்றன. அங்கே இது புதிய செலவும் அன்று. இளைஞர்கள் செய்வதைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டால், அடுத்த முறை அவர்களே பிறருக்குச் செய்வார்கள்.

தேர்வு நடத்துவோரிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. படத்தைச் சுருக்குவது இயந்திரத்திற்கு ஒரு கண வேலை. பெரிய படத்தை ஏற்று இணையதளமே அளவாகச் சுருக்கிக்கொள்ளும்படி ஏன் செய்யலாகாது? முடியாது என்பதற்கில்லை. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் 2024-ம் ஆண்டில் தன் புதிய இணையதளத்தில், விண்ணப்பிக்கும்போதே நேரடியாகப் படமெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே முகப்படத்தைப் பொறுத்தவரை கிலோபைட் தொல்லை தீர்ந்தது. ஆனால் நல்ல வெளிச்சமும், வெறுமையான பின்புறமும், மூக்குக்கண்ணாடியும் தொப்பியும் இல்லாத நேர்முகமும் வேண்டும். முறை மாறினாலும் வெளிச்சமுள்ள ஓர் அறையும் உடன் நின்று உதவுவோரும் தேவைப்படவே செய்கின்றனர். மறுப்புக்கான காரணத்தைத் தெளிவான தமிழில் காட்டுதல், எல்லாத் தேர்வுகளுக்கும் ஒரே அளவை வகுத்தல் என்ற இரண்டையும் நம் சங்கங்கள் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம். தனி ஒருவரின் முறையீட்டைவிடச் சங்கங்களின் தீர்மானத்திற்கு வலிமை அதிகம்.

மேலே கூறிய பெண் இவ்வாண்டு மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறார். இம்முறை அறிவிக்கை வெளிவந்த முதல் வாரத்திலேயே அவருடைய படம் தயாராக இருக்க வேண்டும். அவருக்கு மட்டுமல்ல, அவரைப்போன்ற நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் அவ்வாறு அமையவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தையும் ஓர் பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.