பறிபோகும் வண்டிகள், பதிவாகாத புகார்கள்

காரில் போகும் கனவானுக்குக் கார் திருட்டுப் போனால் ஒரு கார் போயிற்று, அவ்வளவுதான். மறுநாள் வாடகைக் காரில் ஆபீசுக்குப் போய்ச் சேருவார். பெயிண்ட் அடிக்கிற தொழிலாளியின் மோட்டார் சைக்கிள் திருட்டுப் போனால் அவனுக்கு வேலையே போயிற்று. முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பே வேலைத்தலத்தில் நிற்க வேண்டியவன் அவன். ஏணியும் டப்பாவும் பிரஷ்ஷும் அந்த வண்டியில்தான் போகின்றன. வண்டி இல்லை என்றால் மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்.

அம்பத்தூர் பட்டறைக்குப் போகிறவரும், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவரும், கோயம்பேடு மார்க்கெட்டுக்கு நள்ளிரவில் மூட்டை தூக்கப் போகிறவரும் இன்று இருசக்கர வண்டியை நம்பித்தான் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சைக்கிள் இருந்த இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஒரு வித்தியாசம்: சைக்கிள் சொந்தக் காசில் வாங்கியது, மோட்டார் சைக்கிள் தவணையில் வாங்கியது. வண்டியைத் திருடன் கொண்டுபோகலாம். தவணையைக் கொண்டுபோக மாட்டான். மாதம் பிறந்தால் பைனான்ஸ்காரன் போன் செய்வான். இல்லாத வண்டிக்கு வட்டியும் முதலும் கட்டிக்கொண்டு, இருக்கிற வேலைக்கு நடந்து போகிற நிலைமை எத்தனை குடும்பங்களில் இருக்கிறது என்பது தோழர்களுக்குத் தெரியாததல்ல.

இதைப் பற்றி மேலிடத்திலிருந்து வருகிற பதில் என்ன? “பொதுமக்கள் வண்டியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும்.” நல்ல புத்திமதி! வீட்டுக்குள் வண்டி நிறுத்த இடம் உள்ளவனுக்குப் பொருந்துகிற புத்திமதி. பத்தடிச் சந்தில் ஒண்டிக்குடித்தனம் இருப்பவன் எங்கே கொண்டுபோய் நிறுத்துவான்? தெரு விளக்கு எரியாத முனையில்தான் நிறுத்துவான். பூட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம். ஆனால் பறிகொடுத்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, “ஏன் அங்கே நிறுத்தினாய்?” என்று கேட்பதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடுமா என்பதே நம் கேள்வி.

வண்டி போன காலையில் தொழிலாளி என்ன செய்கிறான்? நாலு தெரு தேடிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறான். “இன்னும் ரெண்டு நாள் தேடிப் பாருப்பா” என்கிறார்கள். எல்லைத் தகராறு இருந்தால் இன்னொரு ஸ்டேஷனுக்கு அனுப்புகிறார்கள். கடைசியில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்று ஒரு சீட்டைக் கையில் கொடுக்கிறார்கள். நம்பர் போட்டு, முத்திரை குத்தி இருக்கிறது. இவனும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

தோழர்களே, இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது. அது வழக்கு அல்ல. வழக்கு என்பது எப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கைதான். ரசீதை வைத்துக்கொண்டு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வாசலில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைவிட ஆபத்து இன்னொன்று உண்டு. திருடிய வண்டியில் எவனோ போய்ச் சங்கிலி அறுத்தாலும் சரி, யார் மீதோ மோதிவிட்டு ஓடினாலும் சரி, நம்பர் பிளேட்டைப் பார்த்து முதலில் தட்டப்படுவது சொந்தக்காரன் வீட்டுக் கதவுதான். அன்றைய தேதியும் நேரமும் போட்ட எப்.ஐ.ஆர். கையில் இருந்தால்தான் அவன் பேச முடியும்.

குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால், அது போலீசார் வாரண்டில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட பெஞ்சு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. திருட்டு அப்படிப்பட்ட குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவும் அதைத்தான் சொல்லுகிறது. எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மின்னஞ்சல் மூலம் கூடப் புகார் அனுப்பலாம்; மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

ஆனால் இதே சட்டத்தில் ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியுடன் 14 நாளைக்கு முன்விசாரணை நடத்திப் பார்க்கலாமாம். சாதாரணத் திருட்டுக்குத் தண்டனை மூன்றாண்டு வரை. ஆகவே தொழிலாளியின் மோட்டார் சைக்கிள் இந்தச் சந்தில் அகப்பட்டுக்கொள்கிறது. வண்டி 14 நாளில் எங்கே இருக்கும்? என்ஜின் ஒரு ஊரில், சக்கரம் ஒரு ஊரில், பெட்ரோல் டாங்க் ஒரு ஊரில் இருக்கும்! தெருவில் நின்ற வண்டி காணோம் என்பதில் பதினாலு நாள் முன்விசாரணை செய்ய என்ன இருக்கிறது? இந்தச் சந்தை வண்டித் திருட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மாநில சர்க்கார் ஒரு சுற்றறிக்கையில் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

ஆட்டோ, லோடு வண்டி ஓட்டும் தோழர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சரக்கையோ பயணிகளையோ ஏற்றிச் செல்லும் வாகனத்தைத் திருடினாலும், அந்த வாகனத்திலிருந்து பொருளைத் திருடினாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவின்படி ஏழாண்டு வரை தண்டனை உண்டு. கண்ணாடியை உடைத்து டாக்சி டிரைவரின் கலெக்ஷன் பணத்தை எடுத்தாலும், லாரியிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டு போனாலும் இதுதான் பிரிவு. 14 நாள் சந்து இதற்குக் கிடையாது. புகாரில் “வாடகைக்கு ஓடும் வாகனம்” என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் சாதாரணத் திருட்டாகப் பதிந்து முடித்துவிடுவார்கள்.

ஏன் பதிய மறுக்கிறார்கள்? ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் ஏட்டையா நம் எதிரியல்ல. அவரும் ஷிப்ட் கணக்கில்லாமல் உழைக்கிறவர்தான். மேலே இருப்பவர்கள் குற்ற எண்ணிக்கை குறைய வேண்டும் என்கிறார்கள். குற்றத்தைக் குறைப்பதைவிடக் குற்றத்தைப் பதியாமல் இருப்பது எளிது. அந்த எளிய வழியின் செலவைத் தொழிலாளி கொடுக்கிறான்.

அடுத்தது இன்ஷ்யூரன்ஸ். இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். 2018 செப்டம்பர் முதல் புது மோட்டார் சைக்கிள் வாங்கும்போதே ஐந்தாண்டு இன்ஷ்யூரன்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். “அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை” என்று ஷோரூமில் சொல்லுகிறார்கள். அந்த ஐந்தாண்டு எதற்கு? வண்டி பிறர் மீது மோதினால் அவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுப்பதற்கு. மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதைத்தான். வண்டி களவு போனால் கிடைக்கும் பாதுகாப்பு தனி. அது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குத்தான் போடப்படுகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கவில்லை என்றால் இரண்டாம் ஆண்டில் போன வண்டிக்கு ஒரு காசு கிடையாது. கையில் ஐந்தாண்டுப் பத்திரம் இருந்தும் கிடையாது! எழுத்து இருப்பது இங்கிலீஷில், அதுவும் எறும்பு எழுத்தில். பாலிசி வைத்திருக்கும் தோழர்கள் இன்றைக்கே எடுத்து, படித்தவர் ஒருவரிடம் காட்டி, திருட்டுக்குப் பாதுகாப்பு எந்தத் தேதி வரை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிடைக்கிற தொகையும் வாங்கிய விலை அல்ல. வண்டியின் மதிப்பை ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டே போவார்கள்: ஓராண்டு முடிந்ததற்கு 20 சதவீதக் கழிவு, நாலாண்டு முடிந்தால் பாதி. ஒரிஜினல் சாவி இரண்டையும் கேட்பார்கள். ஒன்று இல்லை என்றால் சாவியை வண்டியிலேயே விட்டாய் என்று வாதாடுவார்கள். ஆகவே இரண்டாவது சாவியைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வையுங்கள்.

“தாமதமாகச் சொன்னாய்” என்று கைவிரிப்பது கம்பெனிகளின் பழைய வித்தை. டிராக்டரைப் பறிகொடுத்த ஒருவர் வழக்கில் 2020-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு முடிவு சொன்னது. திருட்டுப் போன உடனே போலீசில் எப்.ஐ.ஆர். பதிவாகியிருந்து, திருட்டும் உண்மை என்று தெரிந்த பிறகு, கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதமாயிற்று என்ற ஒரே காரணத்தைக் காட்டி நஷ்ட ஈட்டை மறுக்கக் கூடாது என்றது. இங்கேயும் தொழிலாளியைக் காப்பாற்றியது எது? உடனே பதிவான எப்.ஐ.ஆர்.!

காசு வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்த இடம் தருகிற காண்டிராக்டர்கள் கதை வேறு. டோக்கனில் “வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று அச்சடித்திருக்கிறார்கள். பொறுப்பில்லை என்றால் பணம் எதற்கு, நிழலுக்கா? டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலில் சாவியை வாங்கி நிறுத்திய கார் 1998-ல் களவு போன வழக்கில், சீட்டில் அச்சடித்த வாசகத்தைக் காட்டித் தன் அஜாக்கிரதைக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியது. அது சாவியைக் கையில் வாங்கிக்கொண்ட இடத்துக்குச் சொன்னது. ஆனால் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் வண்டியை விடுவோம் என்கிற ஸ்டாண்டுக்காரனும் இதே நியாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவனே என்று நுகர்வோர் கமிஷனில் வாதாட இடமிருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாத வழக்குகளுக்கு அங்கே கட்டணமும் இல்லை. டோக்கனைக் கசக்கிப் போடாமல் வைத்திருந்தால் போதும்.

வண்டி கிடைத்துவிட்டது என்றால் கஷ்டம் தீர்ந்ததா? எந்தப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தையும் போய்ப் பாருங்கள். மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்து, செடி முளைத்துக் கிடக்கும் வண்டிகள்! இப்படிப் போட்டு வைப்பதில் பயனில்லை, தக்க ஜாமீன் வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படையுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லிவிட்டது. புதிய சட்டத்தின் 497-வது பிரிவு போட்டோவும் வீடியோவும் எடுத்துக்கொண்டு 30 நாளைக்குள் மாஜிஸ்திரேட் உத்தரவு போட வழி செய்திருக்கிறது. மனு போட வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

திருடிய வண்டியை வாங்க ஆள் இருப்பதால்தான் திருடுகிறான். இதைச் சொன்னதும் சென்னையில் சிலர் புதுப்பேட்டையைக் கைகாட்டுவார்கள். பழைய உதிரிபாகங்களைப் பிரித்தும் சேர்த்தும் நேர்மையாகப் பிழைக்கும் நூற்றுக்கணக்கான தொழிலாளிகளை ஒரே வார்த்தையில் திருடர்களாக்குகிற பேச்சை நாம் ஏற்கவில்லை. மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்கும் பெரிய புள்ளிகளின் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள் என்கிறோம். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் 317-வது பிரிவின்படி குற்றம்தான்.

நம் தோழர்களும் மலிவு என்று பார்த்து ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் புத்தகத்தில் உள்ளபடி இருக்கின்றனவா, சுரண்டிய அடையாளம் உண்டா என்று மெக்கானிக்கைக் கொண்டு பாருங்கள். திருட்டு வண்டிப் பட்டியலில் அந்த நம்பர் இருக்கிறதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பார்க்கலாம். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயரை மாற்றுங்கள். பிற்பாடு போலீசார் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனால், கொடுத்த பணம் போனது போனதுதான்.

பூட்டைப் பற்றிச் சொல்லுகிறோம் என்றோம். ஹேண்டில் லாக்கை மட்டும் நம்பாதீர்கள். ஓங்கி ஓர் உதை உதைத்தால் பல வண்டிகளில் அது உடைந்துவிடும். சக்கரத்துக்குச் சங்கிலிப் பூட்டு, முடிந்தால் அசையாத கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்குத் தனிப் பூட்டு கிடைக்கிறது. ஆர்.சி. புத்தகத்தைச் சீட்டுக்கடியில் வைப்பது திருடனுக்குச் சீதனம் கொடுப்பது போல; அதை வீட்டில் வையுங்கள். கார், டாக்சி ஓட்டுகிறவர்கள் பையோ போனோ வெளியில் தெரியும்படி வைத்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம்.

கட்சிக் கிளைகளும் சங்கங்களும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வண்டி பறிகொடுத்தவனோடு அன்றைக்கே இருவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தனியாகப் போகிறவனுக்குச் சீட்டு கிடைக்கிறது. கூடப் போனால் எப்.ஐ.ஆர். கிடைக்கும். தெரு விளக்கு எரியாத இடங்களைக் குறித்து, வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் பகுதியில் எத்தனை வண்டி போயிற்று, எத்தனைக்கு எப்.ஐ.ஆர். போட்டார்கள், எத்தனைக்குச் சி.எஸ்.ஆர். சீட்டோடு நிறுத்தினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். எழுதிய கணக்கை மாவட்டக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நகலை எஸ்.பி. ஆபீசிலும் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.