சமநிலை காக்க வேண்டியவர் யார்?

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் இறுதிவரை வாசித்து, மறுப்பிருப்பின் மறுக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் திருப்பதியில் ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தேன். பதின்பருவ விளையாட்டு வீரர்களின் நேர மேலாண்மை என்பது பொருள். சிறப்புரையாற்றியவர் திரையில் இரண்டு வட்டங்களைக் காட்டினார். ஒன்றில் பயிற்சியும் போட்டிப் பயணமும். மற்றதில் நட்பும் பொழுதுபோக்கும். இரண்டையும் சமன்செய்யக் கற்பதே இளம் வீரரின் முதற்கடமை என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. இருக்கைகளை நிரப்புவதற்காக அழைத்துவரப்பட்டுப் பின்வரிசையில் அமர்த்தப்பட்டிருந்த மாணவ வீரர்களும் கைதட்டினர்.

தேநீர் இடைவேளையில் அவர்களுள் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு, நடுத்தொலைவு ஓட்டக்காரி, வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலுக்கு அருகில் வீடு. "ஜாத்திரை பார்த்து மூணு வருஷம் ஆச்சுக்கா. மே மாசம்னா கேம்ப். எங்க தெருப் பசங்க வேஷம் கட்டின போட்டோகூடப் பார்க்க முடியாது, போன் சார்கிட்ட இருக்கும்" என்றாள். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதைப்போல் அவ்வளவு இயல்பாகச் சொன்னாள்.

'சமன்செய்' என்று ஒருவருக்குக் கட்டளையிட வேண்டுமானால், தராசு அவர் கையில் இருக்க வேண்டும். இங்கே யார் கையில் இருக்கிறது? மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, இடையிடையே முகாம் ஆகியவற்றுக்கு நாள் குறிப்பவை சங்கங்களும் அரசுத் துறைகளும். தேர்வு அட்டவணையை வகுப்பது கல்வி வாரியம். எந்தப் போட்டிக்குச் செல்வது என்று முடிவெடுப்பவர் பயிற்சியாளர். ஒப்புதற் படிவத்தில் கையெழுத்திடுபவர் தந்தை. 2019 நவம்பரில் தேசிய மாவட்டங்களுக்கிடையிலான இளையோர் தடகளப் போட்டி நம் திருப்பதியிலேயே நடந்தது. 14, 16 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி அது. நாட்டின் மறுகோடியிலிருந்து வந்த சிறுவர்களுக்குச் சில விநாடி ஓட்டத்துக்காகச் சில நாள் ரயில் பயணம். நம் சித்தூர்ப் பிள்ளைகள் காட்பாடியிலோ ரேணிகுண்டாவிலோ வண்டியேறிச் செல்வதும் இதே கதைதான். அட்டவணையில் ஒரு வரிகூட எழுதாத ஒரே தரப்பு இப்பிள்ளைகள். தாம் எழுதாத கணக்குக்கு இவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்?

சட்டத்தைப் பார்ப்போம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டோர் கலைஞராகப் பணியாற்ற விதிவிலக்கு அளிக்கிறது. விளையாட்டுச் செயல்களையும் அவ்விதிவிலக்கில் சேர்க்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகள் அதற்கு எல்லை வகுக்கின்றன: நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் கூடாது, படிப்புத் தடைபடக் கூடாது. சோப்பு விளம்பரத்தில் நடிக்கும் சிறுமிக்கு இந்தக் காப்பு உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வந்து இருட்டிய பின் விடுதி திரும்பும் சிறுமியின் நாளை எவரும் எண்ணுவதில்லை. அவள் ஊதியம் பெறவில்லை. ஆகவே அவள் செய்வது 'வேலை' அன்றாம். அது 'விளையாட்டு' என்றால், விரும்பாத நாளில் நிறுத்தும் உரிமை அவளுக்கு உண்டா?

குழந்தைகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 31ஆவது பிரிவு ஓய்வையும் பொழுதையும் விளையாட்டையும் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதையும் குழந்தையின் உரிமைகள் என்கிறது. நால்வகை உரிமையும் ஒரே பிரிவில் நிற்கின்றன. ஒன்றைத் தந்துவிட்டோம் என்று காட்டி மற்ற மூன்றையும் பறிப்பதற்கு அதில் இடமில்லை. ஜாத்திரை அவளுக்குச் சலுகையன்று, உரிமை.

"தியாகமின்றிப் பதக்கமில்லை" என்போர் உடனே 2016 ரியோவைக் காட்டுவர். பி.வி. சிந்து வெள்ளி வென்றபின், மூன்று மாதமாக அவரிடம் கைப்பேசி இல்லை, இனித் திருப்பித் தருவேன் என்று பயிற்சியாளர் கோபிசந்த் சொன்னதை நாடே ரசித்தது. அப்போது சிந்துவுக்கு வயது 21. ஒலிம்பிக் நெருங்கிய வேளையில், வயதுவந்த ஒருவர், ஓர் இலக்குக்காக, முடிவுநாள் தெரிந்து ஏற்ற கட்டுப்பாடு அது. அதைக் கேட்டு 13 வயதுப் பிள்ளைகளின் கைப்பேசிகளை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்போர், கோபிசந்திடமிருந்து கற்றது பூட்டை மட்டுமே.

அடுத்துக் குகேஷைக் காட்டுவர். 2024 டிசம்பர் 12 அன்று அவர் உலகச் சதுரங்க வாகையர் ஆனதும், சத்தியவேட்டுப் பூர்வீகத்தைச் சொல்லி ஆந்திரமும், பிறந்து வளர்ந்த சென்னையைச் சொல்லித் தமிழகமும் உரிமை கொண்டாடின. அவர் நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளியை விட்டவர். மருத்துவரான தந்தை தம் தொழிலை நிறுத்திவிட்டு ஊர் ஊராக உடன் சென்றார். நகரியில் விசைத்தறி ஓட்டும் தந்தை எதை நிறுத்திவிட்டு உடன் செல்வார்? வென்ற ஒருவரைச் சான்றாக நிறுத்துகிறோம். அதே வழியில் சென்று, 17 வயதில் முழங்கால் காயத்தோடு வீடு திரும்பி, பேச ஒரு வகுப்புத் தோழரும் இன்றி நிற்போரை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதை மறைக்க மாட்டேன். நம் பகுதியின் பல பெண்பிள்ளைகளுக்குப் போட்டிப் பயணமே விடுதலை. வாசற்படி தாண்ட விடாத வீடுகள், போட்டி என்றால் விசாகப்பட்டினம்வரை அனுப்புகின்றன. முன்பதிவில்லாப் பெட்டியில் புளிசாதப் பொட்டலத்தைப் பகிர்ந்து உண்ணும் நட்பு வாழ்நாள் முழுதும் நீடிக்கும். ஆகவே நான் பயணத்தை எதிர்க்கவில்லை. அந்த நட்பையும் 'கவனச்சிதறல்' என்று பெயரிட்டு, விளக்கணைந்தபின் பேசினால் மைதானத்தை நான்கு சுற்று ஓடச்சொல்லும் மனப்பான்மையையே எதிர்க்கிறேன்.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் பதக்கம் போய்விடும் என்ற அச்சத்துக்கு நார்வே விடை தருகிறது. 1987 முதலே அங்குக் குழந்தை விளையாட்டுக்கெனத் தனி விதிகள் உள்ளன. 13 வயதுக்குமுன் தேசிய வாகையர் போட்டி இல்லை; 11 வயதுக்குமுன் தரவரிசைப் பட்டியல் இல்லை. அந்நாடுதான் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களோடும் 2022இல் 16 தங்கங்களோடும் முதலிடம் பெற்றது. பனி நாட்டின் விதி நம் மண்ணில் அப்படியே பொருந்தாது என்பீர்கள். பொருந்த வேண்டாம், பதக்கத்துக்கும் பிள்ளைமைக்கும் பகையில்லை என்பதையாவது அது காட்டட்டும்.

நான் கேட்பவை சில. விளம்பரத்தில் நடிக்கும் சிறுவருக்குச் சட்டம் வகுத்த ஐந்து மணி நேரத்தையும் 27 நாளையும் பயிற்சி முகாம்களுக்கும் விதியாக்குங்கள். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு. இரவில் ஒருமணி நேரமாவது கைப்பேசி அவர்கள் கையில். போட்டி நாள்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்து, ஊர்த் திருவிழா நாள்களை முகாம்களிலிருந்து விலக்குங்கள். தேசியப் போட்டிக்குச் செல்லும் மாணவருக்குப் பொதுத்தேர்வை வேறொரு நாளில் நடத்த மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தால் முடிகிறது. ஆனால் தோழியின் அக்கா திருமணத்தை எந்த வாரியமும் மறுநாள் நடத்தித் தராது.

இறுதியாக, நம்மைப் பற்றி. நான் புரட்டிய உடற்கல்வி ஆய்வேடுகளில் நுரையீரற் கொள்ளளவு உண்டு, கால்தசை வலிமை உண்டு, போட்டிக்கு முந்தைய பதற்றத்தின் அளவுகோல் உண்டு. "உனக்கு நண்பர்கள் இருக்கிறார்களா?" என்ற வினாவை ஒரு வினாநிரலிலும் நான் கண்டதில்லை. பிள்ளைகளை அளந்து பட்டம் பெறும் நாம், அந்த ஒரு வினாவையாவது நம் அடுத்த வினாநிரலில் சேர்க்கலாம். என் வினாநிரலில் அதையே முதல் வினாவாக வைத்திருக்கிறேன்.