அணையைப் பற்றிய பேச்சும் பேசியவர் பொறுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் முல்லைப் பெரியாறு அணை இன்றோ நாளையோ உடைந்துவிடும் என்று பதவியில் இருப்போரும் புகழ் பெற்றோரும் பேசுவதும், அப்பேச்சு சரிபார்க்கப்படாமலே தலைப்புச் செய்தியாவதும், மழை ஓய்ந்தபின் பேசியவரிடம் எவரும் விளக்கம் கேட்காமல் விடுவதும் வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்தைக் கண்டிக்கவே இக்கடிதம் எழுதப்படுகிறது. இளையராஜாவின் ஊர் என்று மட்டுமே வெளியூரார் அறிந்திருக்கும் பண்ணைப்புரத்திலும், அதையொட்டிய கோம்பை, தேவாரம் ஆகிய ஊர்களிலும் நிலமில்லாத பல குடும்பங்களுக்கு கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்ட வேலைதான் பிழைப்பு. விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் இத்தொழிலாளர்களுக்கு, இரு மாநில எல்லையில் பதற்றம் மூளும் ஒவ்வொரு நாளும் கூலியற்ற நாள்.

இதன் முழு விளைவு 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெளிப்பட்டது. இடுக்கிப் பகுதியில் அவ்வாண்டு உணரப்பட்ட நில அதிர்வுகளால் அச்சம் பரவியிருந்த வேளையில், சோகன் ராய் இயக்கிய ‘டேம் 999’ என்னும் படம் வெளிவந்தது. 1975இல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்ததே படத்துக்குத் தூண்டுதல் என்று இயக்குநர் விளக்கினாலும், 999 என்பது பெரியாற்று நீருக்காக 1886இல் செய்யப்பட்ட குத்தகையின் ஆண்டுக் கணக்கு என்பதை கம்பம் பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. தமிழக அரசு படத்துக்குத் தடை விதித்தது. அணை உடைந்தால் லட்சக்கணக்கான உயிர்கள் போகும் என்னும் பேச்சு கேரளத்தில் கட்சி வேறுபாடின்றி மேடையேறியது. எல்லையில் வண்டிகள் மறிக்கப்பட்டன. தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் மிரட்டலுக்கு அஞ்சிப் பிள்ளைகுட்டிகளோடு காட்டுப்பாதையில் நடந்தே கீழிறங்கினர். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையூரான குமுளியை நோக்கித் திரண்டதால் 144 தடையுத்தரவு போடப்பட்டது. இப்பக்கத்துப் பேச்சும் மட்டாக இருக்கவில்லை. கேரளத்துக்குப் போகும் சாலைகளை மறிக்கும் அறிவிப்புகள் தமிழக மேடைகளிலிருந்து வந்தன என்பதையும், இங்கே பல ஆண்டுகளாகக் கடை நடத்திவந்த மலையாளிகள் தாக்கப்பட்டனர் என்பதையும் மறைத்துவிட்டு நியாயம் பேசுவது முறையாகாது.

அந்நாள்களில் நடந்த ஒன்று தனியே எண்ணத்தக்கது. முல்லைப் பெரியாறு அணைக்கு ஊறு நேர்ந்தாலும் அதன் நீரைக் கீழேயுள்ள இடுக்கி நீர்த்தேக்கத்தின் இடுக்கி, செறுதோணி, குளமாவு ஆகிய மூன்று அணைகளும் தாங்கிக்கொள்ளும் என்று கேரள அரசின் தலைமை வழக்குரைஞர் கே.பி.தண்டபாணி அம்மாநில உயர் நீதிமன்றத்தில் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தெரிவித்தார். இது கணக்கை ஒட்டிய கூற்று. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியைக் குறிக்கும் அளவு. முல்லைப் பெரியாற்றின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 15.5 டி.எம்.சி., இடுக்கியின் கொள்ளளவோ ஏறத்தாழ 70 டி.எம்.சி. இடுக்கியில் அன்றைக்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கும், இரு அணைகளுக்கும் இடையே வாழ்வோர் கதி என்ன என்னும் கேள்விகள் அதனால் தீர்ந்துவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் அக்கேள்விகளை எழுப்புவதற்கு மாறாக, அவரைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்ற குரலே ஓங்கியது. அமைச்சரவை அவரிடம் விளக்கம் கேட்டது. நாளும் குறிக்காமல் ஆதாரமும் காட்டாமல் அழிவை முன்னுரைத்த எவரிடமும் அவ்வாறு விளக்கம் கேட்கப்படவில்லை. எண்ணிப் பேசியவருக்கு விசாரணை, எண்ணாமல் பேசியவருக்குக் கைத்தட்டல் என்னும் இந்த ஏற்பாடே பழுதின் வேர்.

அணையைப் பற்றிய ஐயம் எழக்கூடாது என்று இக்கடிதம் சொல்லவில்லை. 1895இல் திறக்கப்பட்ட, சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் கலந்த காரையில் எழுந்த கட்டடத்தை ஐயுறுவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. வெள்ளம் வந்தால் முதலில் சிக்கக்கூடிய வண்டிப்பெரியாற்றுத் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோரில் பலர் தமிழர் என்பதை இரு பக்கத்துப் பேச்சாளர்களும் மறந்துவிடுகின்றனர். குஜராத்தின் மோர்பி அருகே மச்சு அணை 1979 ஆகஸ்டில் உடைந்தபின் எழுந்த ஐயம் மத்திய நீர் ஆணையத்திடம் கொண்டுசெல்லப்பட்டதால்தான் முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையின் தலைப்பகுதியில் கான்கிரீட் பாரம் ஏற்றுதல், எஃகுக் கம்பிவடங்களால் பாறையோடு பிணைத்தல், பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்புதல் ஆகிய வலுவூட்டும் பணிகளும் நடந்தன. ஐயம் சோதிக்க வல்லவரிடம் சென்றபோது கட்டடம் வலுப்பெற்றது. கூட்டத்தின் நடுவே வீசப்பட்டபோது கூலியாள் அடிபட்டான். நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு அணை பாதுகாப்பானது என்று 2012இல் அறிக்கை அளித்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2014 மே 7 அன்று 142 அடி வரை நீர் தேக்க இசைவு அளித்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே நீர் அந்த அளவைத் தொட்டது. அணை உடையும் என்று உறுதியாகச் சொன்னவர்களில் எவராவது அதன்பின் தம் பழைய கூற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தாரா என்று கேட்பதற்கு ஒரு செய்தியாளரும் முனையவில்லை.

பேச்சின் பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் ஓரளவு தெளிவு தந்திருக்கிறது. அதற்கு வழிவகுத்த வழக்குகளில் ஒன்று இதே மலையில் பிறந்தது. 2015இல் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்த மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்டனர். அவ்வமைப்பினரை இழிவுபடுத்தும் வகையில் அப்போதைய அமைச்சரும் உடும்பஞ்சோலை சட்டமன்ற உறுப்பினருமான எம்.எம்.மணி 2017 ஏப்ரலில் பேசியது நீதிமன்றம் சென்றது. அவர் வருத்தம் தெரிவித்தார். இதே கேள்வியை எழுப்பிய கௌசல் கிஷோர் வழக்கோடு சேர்த்து இதைக் கேட்ட உச்ச நீதிமன்றம், அமைச்சர் ஒருவரின் பேச்சை அரசின் பேச்சாகக் கொள்ள முடியாது என்று 2023 ஜனவரி 3 அன்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பதவியின் பொறுப்பில் நின்று, அரசின் கருத்தையே ஒட்டிப் பேசும்போது அது அரசையும் சாரும் என்று நீதிபதி நாகரத்னா மாறுபட்டார். அவருடைய கருத்தே ஏற்கத்தக்கதாகத் தோன்றினும், பெரும்பான்மைத் தீர்ப்பின்படியே பார்த்தாலும் அமைச்சர் அரசின் பின்னால் ஒளிய இடமில்லை. சொன்ன சொல்லுக்கு அவரே பதில் சொல்லவேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களும், வைகை வழியே மதுரையும் இராமநாதபுரமும் நம்பியிருக்கும் நீரைப் பற்றிய செய்தியில், அன்றைய நீர்மட்டமும் அணையின் கண்காணிப்புக் குழு கடைசியாகப் பதிவுசெய்த கசிவுநீர் அளவும் இடம்பெறாமல் எந்தத் தலைவரின் எச்சரிக்கையையும் தங்கள் இதழ் வெளியிட வேண்டாம். எச்சரிக்கை பொய்த்தபின், சொன்னவரிடம் விளக்கம் பெற்று, அது முதலில் வந்த அதே பக்கத்தில் அதே அளவில் அச்சிடுக. தமிழகத் தலைவர்களின் பேச்சுக்கும் இதே விதி பொருந்தட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்ணைப்புரம், தேனி மாவட்டம்