தரகருக்கும் பாடம் வேண்டும்!



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவருக்குச் சொந்த வீடு கிடையாது. 2015-ல் சீட்டுப் பணத்தில் மூன்று சென்ட் மனை வாங்கினார். பேசி முடித்த தரகர் எங்கள் தெருக்காரர்தான். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குண்ணே, பயப்படாதீங்க" என்றார். அப்பாவும் நம்பினார்.

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரம் பதிவான மனைகளை வரன்முறை செய்துகொள்ள 2017-ல் அரசு விதிகள் கொண்டு வந்தது. அப்பாவுக்கு இது தெரியாது. போன வருடம் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனபோதுதான், "வரன்முறை ஆர்டர் எங்கே?" என்றார்கள். தரகரிடம் ஓடினோம். "எனக்கே தெரியாதே தம்பி" என்று தலையில் கை வைத்தார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. தெரியாத்தனமாக எங்களைச் சிக்க வைத்தவர்.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத் தரும் தரகர் தானும் பதிவு செய்திருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பதிவு எண் வாங்கினால் அறிவு வந்துவிடுமா? மகாராஷ்டிரத்தில் 2023-ல் தரகர்களுக்கு 20 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நான்காண்டுக்கு ஒருமுறை 45 மணி நேரம் படித்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும்.

இதில் கலிபோர்னியா முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு தடவை படித்தால் போதாது. அப்பா மனை வாங்கிய மறுவருடமே விதி மாறிவிட்டதே! 2015-ல் எவ்வளவு படித்திருந்தாலும் 2017-க்கு அது உதவியிருக்காது. இங்கே தரகர் பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் வகுப்புக்கு வந்த சான்றிதழைக் கேட்க வேண்டும்.

"படிக்காதவன் பிழைப்பில் மண் போடுவதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் தெருத் தரகரும் எட்டாவதுதான். அதனால்தான் வகுப்பு தமிழில், மாலையில், தாலுகா அளவில், கட்டணமில்லாமல் நடக்க வேண்டும் என்கிறேன். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம், புதிதாக வந்த விதிகள், இவ்வளவுதான் பாடம். எழுத வராதவரிடம் வாயால் கேட்டுத் தேர்வு வைக்கலாம். கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு எப்படியோ, தரகருக்கு இது அப்படி. அது இல்லாமல் சுவர் எழுப்பினால் யார் வீட்டில் விழும்?

மாலையில் நம் கல்லூரி வகுப்பறைகள் காலியாகத்தானே கிடக்கின்றன? அங்கே முதல் பெஞ்சில் எங்கள் தெருத் தரகர் வந்து உட்காரட்டும். அடுத்த கொத்தனாரின் மூன்று சென்ட்டாவது பிழைக்கும்.

சிந்திப்போம் தோழர்களே!

– சிவில் டிப்ளமோ, இரண்டாமாண்டு