சிவப்பு மையில் ஒரு திருத்தம்

என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. இங்கே திருவனந்தபுரத்தில் பியானோ கற்றுக்கொள்கிறாள். போன மாதம் ஒரு நாள் அழுத முகத்தோடு வந்தாள். ஹங்கேரி நாட்டு பேலா பார்ட்டோக் எழுதிய 'மைக்ரோகாஸ்மாஸ்' நூலில் ஒரு சின்னப் பாடத்தை அச்சிட்ட வேகத்தைவிட நிதானமாக வாசித்தாளாம். "உன் இஷ்டத்துக்கு வாசிக்க இது உன் பாட்டா?" என்று டீச்சர் கேட்டுவிட்டார். இனிமேல் வகுப்புக்கே போகமாட்டேன் என்றாள்.

டீச்சர் பக்கமும் நியாயம் உண்டு. 6 தொகுதி, 153 பாடங்கள். வேகத்தைக் குறித்ததோடு நில்லாமல், பல பாடங்களுக்கு இத்தனை நிமிடம், இத்தனை வினாடி என்றும் அச்சிட்டிருக்கிறார் பார்ட்டோக். டைம்டேபிள் போட்ட சங்கீதம்! ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அதே மனிதர், தம் இசையை ஒலிப்பதிவுக்கு வாசித்தபோது, தாம் அச்சிட்ட வேகத்தை எல்லா இடத்திலும் பின்பற்றவில்லை.

நம் ஊர் சங்கதிக்கு வருகிறேன். சுவாதித் திருநாள் மகாராஜாவின் (1813–1846) 'பாவயாமி ரகுராமம்' முதலில் முழுக்க சாவேரி ராகத்தில் இருந்தது. அதை ராகமாலிகையாக அமைத்தவர், இங்குள்ள இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்த செம்மங்குடி சீனிவாச ஐயர். பல்லவியில்தான் சாவேரி தங்கியது. குறை சொல்லவில்லை, கடைசியில் மத்தியமாவதியில் பட்டாபிஷேகம் வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் மேடையில் ஒருவராவது 'இந்த ராகங்கள் பிறகு வந்தவை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மகாராஜாவே அப்படிப் பாடினார் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். நானும் ஐம்பது வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் இந்தக் குழப்பம் இல்லை. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று கிருதிகள் நிச்சயிக்கப்பட்டவை. அவற்றில் யாரும் கை வைப்பதில்லை. ஆலாபனையும் கற்பனை ஸ்வரமும் பாடுகிறவர் பாடு. எது கட்டு, எது சுதந்திரம் என்று கேட்கிறவனுக்கும் தெரியும்.

நான் டிப்ளமோக்காரன், சங்கீத சாஸ்திரம் படித்தவனல்ல. பாலம் வேலையில் டிராயிங் ஒன்று சொல்லும், மண் வேறொன்று சொல்லும். மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் மாற்றியதைச் சிவப்பு மையில் குறித்து, கையெழுத்தும் தேதியும் போட்டு மேலே அனுப்புவோம். குறிக்காமல் மாற்றினால், பிறகு பழுது பார்க்க வருகிறவன் இல்லாத கம்பியைத் தேடுவான். பாட்டுக்கும் அதையே கேட்கிறேன். நம் சங்க ஆண்டு விழாவில் அந்தக் கிருதியைப் பாடும் குழந்தையை, சாவேரி விஷயத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் பாடச் சொல்லுங்கள்.

பேத்தியிடமும் இதைத்தான் சொன்னேன். முதலில் அச்சில் உள்ளபடி வாசித்துக் காட்டு, பிறகு உன்னுடையதை வாசி என்றேன். நேற்று அவள் புத்தகத்தைப் புரட்டினேன். பார்ட்டோக்கின் வேகத்துக்குப் பக்கத்தில் தன் வேகத்தைச் சிவப்புப் பென்சிலால் எழுதி, தேதியும் போட்டிருக்கிறாள். டீச்சர் இன்னும் பார்க்கவில்லை. திங்கட்கிழமைதான் வகுப்பு.